‘நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு லேபிள்

எங்கள் பக்கத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விருதுநகர் கடைத்தெருவில் ஒருவர் மருந்து வாங்குகிறார் என்றால், அவருக்கோ அவர் வீட்டிலுள்ளவர்க்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் ஒருவர் மருந்து கலக்குகிறார் என்றாலோ, வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் கலக்குகிறார் என்று பொருள். இந்த இரண்டாவது மருந்துக்கு விதி கண்டிப்பானது. வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளிக் கருவியை வைத்து அளந்தால் ஓசை 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஓசை, எதைக் கொண்டு அளப்பது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. (எல்லா வெடியும் அதற்கு அடங்கித்தான் வெடிக்கிறதா என்று என்னைக் கேட்க வேண்டாம். தீபாவளி இரவில் உங்கள் காதே சொல்லும்.)

முதல் வகை மருந்துக்கு இப்படி ஒரு ‘4 மீட்டர் விதி’ உண்டா? இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியது ஒரு லேபிள்.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இன்று சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பணிபுரிகிறார். அச்சில் பழுதான தாள்களை அவ்வப்போது கட்டாகக் கொண்டுவந்து தருவார். ஆய்வகப் பதிவேடுகளுக்கு அட்டை போட அவை உதவும். சென்ற முறை வந்த கட்டில் தாள் முழுவதும் ஒரே லேபிள். வரிசை வரிசையாக ஒரு குதிரை, அதன் அருகே ஒரு சோதனைக் குழாய். ‘தாம்பத்திய ஆர்வம் குன்றியவர்களுக்கு’ என்று மேலே. ‘அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று கீழே. இடையில் பொடி எழுத்தில் நெருஞ்சில், அமுக்கரா, பூனைக்காலி, வெந்தயம். அந்தத் தாளை மாணவர் பதிவேட்டுக்கு அட்டையாகப் போட முடியாது என்பது ஒருபுறமிருக்க, அந்தக் கீழ்வரி என்னை விடவில்லை. ஒரு நூல் வந்தால் மதிப்புரை எழுதுகிறோம். இலட்சக்கணக்கானோர் படிக்கும் லேபிளுக்கு ஏன் எழுதக் கூடாது?

வாசகர்களில் சிலர் இப்படியொரு பொருள் இந்தப் பக்கங்களுக்குத் தகுமா என்று முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர் மருத்துவரிடம் போகமாட்டார். அஞ்சலில் வரும் பொட்டலத்துக்குப் பணம் கட்டுவார். பலன் இல்லையென்றாலும் யாரிடமும் புகார் சொல்லமாட்டார். இவரைவிட நல்ல வாடிக்கையாளர் எந்த வணிகத்துக்குக் கிடைப்பார்?

எதை நிரூபித்தார்கள்?

‘நிரூபிக்கப்பட்டது’ என்பது பாதி வாக்கியம். எது, யாரிடம், எதோடு ஒப்பிட்டு, எதைக் கொண்டு அளந்து என்பதெல்லாம் மீதிப் பாதி. லேபிள் அந்த மீதியை விழுங்கிவிடுகிறது.

முதலில் ‘எது’ என்பதைப் பார்ப்போம். பால் வேட்கை என்பது மனத்தில் எழும் நாட்டம். விறைப்பு என்பது ரத்த ஓட்டம் சார்ந்த நிகழ்ச்சி. குழந்தைப் பேற்றுக்கான திறன் விந்தணுக்களைப் பொறுத்தது. டெஸ்டோஸ்டீரோன் என்பது ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒரு ஹார்மோன். இந்நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை; ஆனால் ஒன்றல்ல. வேட்கை குன்றாமலே விறைப்புக் குன்றலாம். இரண்டும் நன்றாயிருந்தும் விந்தணு குறைவாயிருக்கலாம். ஹார்மோன் அளவு இயல்பாக இருக்கும் பலருக்கும் நாட்டம் குன்றுவதுண்டு. விளம்பரங்கள் இந்நான்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி ‘ஆண்மை’ என்று ஒரு பெயர் வைத்துவிடுகின்றன. பிறகு எலியின் ஹார்மோனைப் பற்றிய ஆய்வொன்று கிடைத்தாலும் போதும், மனிதனின் ஆசைக்கு அதுவே சான்றாகிவிடும்.

அடுத்து, ஆசையை எதைக் கொண்டு அளப்பது? வெப்பத்துக்கு வெப்பமானி உண்டு. ஆசைக்கு அப்படி எதுவுமில்லை. வினாத்தாள்தான் கருவி. ஆண்களிடம் உலகெங்கும் பயன்படும் வினாத்தாள் 1997-இல் வெளியானது. அதில் 15 கேள்விகள். நாட்டத்தைப் பற்றியவை இரண்டே இரண்டு. பெண்களுக்கு 2000-இல் வெளியான வினாத்தாளில் 19 கேள்விகள். நாட்டத்துக்கு அதிலும் இரண்டுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆசையை அதை உணர்பவரிடம் கேட்டுத்தானே அறியவேண்டும்! ஆனால் கேட்டு அறியும் கருவி, எதிர்பார்ப்பையும் சேர்த்தே பதிவு செய்யும்.

எதிர்பார்ப்பின் வலிமைக்கு இரண்டு சான்றுகள் காட்டுகிறேன். சில்டெனாபில் என்னும் மாத்திரையின் புகழ்பெற்ற சோதனை 1998-இல் வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி பெற்றன. மருந்தே இல்லாத, பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை உண்டவர்களிடமோ 22 சதவீதம் வெற்றி. வெற்று மாத்திரைக்கு 22! இத்தாலியில் 2007-இல் வெளியான இன்னொரு சோதனை இதற்கு நேர்மாறானது. புராஸ்டேட் வீக்கத்துக்குப் பினாஸ்டிரைடு மருந்து உண்டவர்களில் ஒரு சாராரிடம் ‘இதனால் தாம்பத்தியத் தொல்லைகள் வரக்கூடும்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். மறு சாராரிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதத்தினர் தொல்லை வந்ததாகக் கூறினர். சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதத்தினர். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. மாறியது ஒரு வாக்கியம்.

ஆகவேதான் வெற்று மருந்தோடு ஒப்பிடாத சோதனையை நான் ஏற்க மறுக்கிறேன். ‘மூன்று மாதம் உண்டார், முன்னைவிட நன்றாயிருக்கிறார்’ என்பது போதாது. மாதத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்து மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களுடைய சராசரி கொஞ்சம் ஏறியே இருக்கும். முதல் தேர்வன்று காய்ச்சலில் வந்தவனும் அந்தப் பத்தில் அடக்கம் அல்லவா? மனிதர்களும் நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் மருந்து தேடிப் போகிறார்கள். பிறகு வரும் ஏற்றத்தின் புகழ் லேகியத்துக்குச் சேர்கிறது.

கண்ணைக் கட்டிச் சோதிப்பது சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ அவமதிப்பது என்று சிலர் கருதுகிறார்கள். அவர்களுக்கு என் துறையிலிருந்தே ஒரு கதை. 1903-இல் பிரான்சின் நான்சி நகரில் பிளாண்ட்லோ என்ற பெயர்பெற்ற இயற்பியலறிஞர் ‘என்-கதிர்’ என்ற புதுக் கதிரைக் கண்டதாக அறிவித்தார். பலர் தாங்களும் கண்டதாக எழுதினர். 1904-இல் அமெரிக்காவிலிருந்து வந்த உட் என்ற இயற்பியலறிஞர் இருட்டறையில் சத்தமில்லாமல் கருவியின் அலுமினியப் பட்டகத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டகம் இல்லாமலே பிளாண்ட்லோ அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்! என்-கதிர் அத்துடன் மறைந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். காண விரும்பியதைக் கண்டார். என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தனி ஊசலை ஆட்டி 980 வரும்வரை எண்களைத் திருத்துவது போலத்தான். இயற்பியலுக்குத் தேவைப்பட்ட கண்கட்டு, லேகியத்துக்கு வேண்டாமா?

நான்கு மூலிகைகளும் நான்கு கணக்குகளும்

நெருஞ்சிலை எங்கள் கரிசல் காட்டில் தேடிப் போகவேண்டியதில்லை. செருப்பில்லாமல் நடந்தால் அதுவே காலைத் தேடி வரும். சித்த மருத்துவத்தில் முதன்மையாக அது சிறுநீர் பெருக்கி. அது ‘ஆண்மை மருந்தாக’ உலகச் சந்தைக்குப் போனது பல்கேரியா வழியாக. 1980-களில் அந்நாட்டு நிறுவனமொன்று அதன் சாற்றை மாத்திரையாக்கி விற்கத் தொடங்கியது. ‘டெஸ்டோஸ்டீரோனைப் பெருக்கும்’ என்ற புகழும் கூடவே பரவியது. அதே பல்கேரியாவில் 2005-இல் இரு ஆய்வாளர்கள் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹார்மோன் அசையவில்லை. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. 2017-இல் 180 ஆண்களிடம் 12 வாரம் நடந்த சோதனையில், வெற்று மருந்தைவிட நெருஞ்சில் சாறு வினாத்தாள் மதிப்பெண்ணைக் கூட்டியது. ஒழுங்காக நடத்தப்பட்ட சோதனை, கண்கட்டும் உண்டு. செலவை ஏற்றது மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனம். அதனாலேயே அதைக் குப்பையில் எறியமாட்டேன். தொடர்பில்லாத வேறொருவர் திரும்பச் செய்து காட்டும்வரை இடுக்கியால் பிடித்து வைத்திருப்பேன். ஏனென்றால் 2014-இல் 30 ஆண்களிடம் நடந்த வேறொரு சோதனையில் வெற்று மருந்துக்கும் நெருஞ்சிலுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அமுக்கராவுக்கு வருவோம். வடமொழியில் அசுவகந்தா, குதிரை நாற்றம் என்று பொருள். வேரின் மணத்தைச் சொல்லும் பெயர் அது. லேபிளில் குதிரை வந்து நின்றதும் அதனால்தான் போலும். சிட்டுக்குருவி லேகியமும் இதே தர்க்கத்தில் பிறந்ததே. குருவி அடிக்கடி இணை சேர்கிறது, ஆகவே அதைத் தின்றால்... என்ற கணக்கு. இந்தக் கணக்கின்படி விமானத்தில் ஏறாமல் பறக்கப் பருந்து லேகியம் கிண்டலாம்.

அமுக்கராவைப் பற்றிய ஆய்வுகளில் என் மதிப்பில் முதலிடம் பெறுவது 2011-இல் வெளியான ஒன்று. அதைச் செய்தவர்கள் ஆங்கில மருத்துவர்கள் அல்லர்; ஜாம்நகரிலுள்ள குஜராத் ஆயுர்வேதப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். மனக் காரணத்தால் விறைப்புக் குன்றிய 95 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 86 பேர் இறுதிவரை இருந்தனர். ஒரு சாராருக்கு அமுக்கரா வேர்ப்பொடி, மறு சாராருக்குக் கோதுமைப் பொடி, 60 நாள். வினாத்தாள் மதிப்பெண்ணில் அமுக்கரா உண்டவர்களுக்கு 12.6 சதவீத முன்னேற்றம். கோதுமைப் பொடி உண்டவர்களுக்கு 19.11 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள் அடங்குவது. ஆகவே கோதுமை வென்றது என்று யாரும் கோதுமை லேகியம் கிண்டப் புறப்பட வேண்டாம். அமுக்கரா வெற்று மருந்தை வெல்லவில்லை என்பதே முடிவு. ஓர் ஆயுர்வேத நிறுவனம் தன் புகழ்பெற்ற மூலிகையைத் தானே சோதித்து, முடிவு பாதகமாக வந்தும் ஒளிக்காமல் அச்சிட்டதே, அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். எந்த லேபிளிலும் அந்த 12.6-ஐயும் 19.11-ஐயும் நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மனக் கவலைக்கும் உறக்கத்துக்கும் அமுக்கராச் சாறு ஓரளவு உதவுவதாகச் சிறு சோதனைகள் பல உள்ளன. கவலையால் நாட்டம் குன்றியவருக்கு அந்த வழியில் நன்மை கிடைத்தால் வியப்பில்லை. 2015-இல் 50 பெண்களிடம் எட்டு வாரம் நடந்த சோதனை ஒன்றும் சாதகமாக வந்தது. ஆனால் எந்தெந்தப் பகுதிகளில் முன்னேற்றம் என்று ஆய்வுச் சுருக்கம் தரும் பட்டியலைப் படித்தால் கிளர்ச்சி, நிறைவு முதலியவை இருக்கின்றன. நாட்டம் அதில் இல்லை! கூடவே இன்னொரு செய்தி: அமுக்கராச் சாறு உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஐவரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் எழுதினர், 2023-இல் டென்மார்க் அரசு அமுக்கரா கலந்த உணவுப் பொருள்களைத் தடை செய்தது. மூலிகைதானே, தீங்கில்லை என்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். எட்டிக்காயும் மூலிகைதான்.

பூனைக்காலியின் கதை நம்மவர்களுக்குப் பெருமை தருவது. அதன் விதையில் லெவோடோபா என்னும் பொருள் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டனர். நடுக்குவாத நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபாவே. மூளையில் அது டோபமினாக மாறுகிறது. இவ்வகை மருந்துகள் உண்ணும் நடுக்குவாத நோயாளர்கள் சிலருக்கு வேட்கை கட்டுமீறிப் போவதும் மருத்துவர்கள் அறிந்ததே. ஆகவே பூனைக்காலி ஏதேனும் செய்யக்கூடும் என்று எதிர்பார்க்க உண்மையான காரணம் இருக்கிறது. ஆனால் காரணம் வேறு, சான்று வேறு. விளம்பரக்காரர்கள் பெரிதும் காட்டுவது 2009-இல் வந்த லக்னோ ஆய்வை. குழந்தையில்லாத 75 ஆண்களுக்கு விதைப்பொடி மூன்று மாதம் கொடுத்து, முன்னும் பின்னும் விந்தையும் ஹார்மோன்களையும் அளந்தனர். வெற்று மருந்துக் குழு இல்லை. கேள்வியும் குழந்தைப்பேறு பற்றியது, ஆசை பற்றியதன்று.

வெந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் 60 ஆண்களிடம் ஆறு வாரமும், 2015-இல் 80 பெண்களிடம் இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக் காலமும் அதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தனர். வெற்று மருந்தைவிட நாட்டம் சற்றுக் கூடியதாக இரண்டிலும் முடிவு. லேபிளின் நான்கு மூலிகைகளில் நாட்டம் என்ற அதே பொருளுக்கு நேரடிச் சான்று கொஞ்சமேனும் இருப்பது, பார்க்கப்போனால், அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் வெந்தயத்துக்குத்தான். ஆனால் அவை வணிகச் சாற்றைப் பற்றிய சிறு சோதனைகள். நாளுக்கு 600 மில்லிகிராம் என்று அளவெடுத்த சாறு. தோசை மாவில் போடும் வெந்தயத்தைப் பற்றி அவை ஒன்றும் கூறவில்லை.

மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட மூலிகைக்கே கதை எப்படி முடிகிறது என்பதற்குக் கிழக்காசியாவின் ஜின்செங் வேரைப் பாருங்கள். ஒன்பது சோதனைகள், 587 ஆண்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட கோக்ரேன் அமைப்பு, விறைப்புக் குறைவில் அதன் பயன் மிகமிக அற்பமே என்று 2021-இல் எழுதியது.

குப்பிக்குள் இருப்பது என்ன?

மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்தும் சாதகமாகவே வந்திருந்தாலும் அந்த லேபிள் தேறாது. சோதிக்கப்பட்டவை தனித்தனி மூலிகைகள், விற்கப்படுவது கலவை. பட்டாசு ஆலைத் தொழிலாளியிடம் ‘கந்தகம் தனியாகச் சாது, வெடியுப்பு தனியாகச் சாது, ஆகவே கலந்தாலும் சாது’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அல்லது உங்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவார்.

‘அரசு உரிமம் பெற்றது’ என்ற வரியும் பலரை மயக்குகிறது. மருந்து விதிகளில் 2010-இல் சேர்க்கப்பட்ட 158-பி விதிப்படி, சட்டத்தின் பட்டியலிலுள்ள பழைய நூல்களில் சொன்னவாறே, சொன்ன நோய்க்கே செய்யப்படும் மருந்துக்குப் புதிய சோதனை வேண்டியதில்லை; நூலின் சொல்லே சான்று. உரிமம் என்பது செய்யவும் விற்கவும் அனுமதி. அது பலனுக்குக் கொடுத்த நற்சான்று அன்று.

எல்லாவற்றையும்விட அச்சந்தருவது வேறொன்று. சில ‘மூலிகை’ மருந்துகள் ஒரு மணி நேரத்தில் மெய்யாகவே வேலை செய்கின்றன! எந்த வேரும் அப்படி வேலை செய்வதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை இரகசிய மருந்துக் கலப்படம் கண்டுபிடித்த துணை உணவுகள் 776. அவற்றில் 353 தாம்பத்தியத்துக்கென்று விற்கப்பட்டவை. இந்த வகையின் கலப்படங்களில் முதலிடம் சில்டெனாபிலுக்கு. இதய வலிக்காக நாக்கின் கீழ் நைட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்பவர் தெரியாமல் சில்டெனாபிலையும் உண்டால் ரத்த அழுத்தம் சரேலென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் ‘வேறு ஏதேனும் மாத்திரை உண்கிறீர்களா’ என்று கேட்டால், ‘இல்லை, வெறும் மூலிகைதான்’ என்று அவர் உண்மையாகவே பதில் சொல்வார்.

நம் தமிழர்கள் நிறைந்து வாழும் சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆராய்ந்தபோது சிலர் தயங்கித் தயங்கி, தாம்பத்திய மருந்து உண்டதாக ஒப்புக்கொண்டனர். அத்தகைய நான்கு தயாரிப்புகளில் சர்க்கரை நோய் மருந்தான கிளைபுரைடு கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தனர். அவர்களில் நால்வர் இறந்தனர்.

என் தெருவில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஐம்பதை நெருங்குபவர். ஒருநாள் மாலை ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து, “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்ததால் எடுத்த பரிசோதனை அது. சாப்பிடுமுன் எடுத்த சர்க்கரை 290. “எத்தனை நாளா அண்ணாச்சி உடம்பு இப்படி?” என்று கேட்டேன். திண்ணையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டாக வீட்டில் ‘சரியில்லை’ என்றார். அந்த ஒன்றரை ஆண்டும் மாதந்தோறும் ஒரு டப்பா லேகியம். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று தொலைபேசியில் அவர்களே நோய்க்குப் பெயரும் வைத்திருந்தார்கள். லேகியம் வெல்லப்பாகில் கிண்டியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமனிகள் கெடுவதை உடம்பு எங்கே முதலில் காட்டும் என்பதற்குக் கல்லூரி இயற்பியலே போதும். குழாயில் திரவத்தின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பாய்சேயி விதி. ரத்தம் தண்ணீரைப் போல எளிய திரவம் அன்று என்றாலும், மதிப்பீட்டுக்கு இது உதவும். உள்சுவரில் கால் மில்லிமீட்டர் படிவு சேர்ந்தால், 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் ஓட்டம் பாதிக்குச் சற்று மேலாகவே நிற்கும். 1 மில்லிமீட்டர் குழாயில் பதினாறில் ஒரு பங்காக விழுந்துவிடும். இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆண்குறிக்குச் செல்பவை 1 முதல் 2. இதய நோய் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குன்றத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இயலாமல் போகிறவர் மெல்ல மெல்ல நாடாமலும் போகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மனச் சோர்வு, மனச் சோர்வுக்கு உண்ணும் மாத்திரையே கூட, குடி, கடன், உறக்கமின்மை எனக் காரணங்கள் பல. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசு மருத்துவமனையில் சோதனையும் உண்டு, வழியும் உண்டு.

பெண்களைப் பற்றி லேபிள் பேசவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கைகொடுப்பவர்களில் பெண்கள் ஏராளம். விடியலில் ஆலைப் பேருந்து, மாலையில் அடுப்பு, ரத்தசோகை வேறு. அவர்களுக்கு நாட்டம் குன்றினால் அது குறையாகக்கூட யாருக்கும் படுவதில்லை. குதிரைப் படம் கணவன்மார்களுக்கு மட்டுமே.

இனி லேபிளுக்கே திரும்புகிறேன். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தாம்பத்திய இன்பத்துக்கான திறனைக் காக்கவோ பெருக்கவோ ஒரு மருந்து உதவும் என்று விளம்பரம் செய்வதை அதன் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. விளம்பரம் என்றால் என்ன? லேபிளும் மேலுறையும் விளம்பரமே என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு கொள்ளுதல் என்றால்? அச்சிடுவதும் அதில் அடக்கம் என்று அதே பிரிவு சொல்கிறது. முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவர் வந்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“அடிக்கிற எங்க தலையிலயுமா சார்?” என்றார்.

நான் சிவப்பு மையால் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லைச் சுழித்து வைத்திருந்த தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலாளியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பிளேட் ஏற்கனவே போட்டாகிவிட்டது, அடுத்த ஆர்டர் மாதக் கடைசியில் வரும் என்றார்.